அடைக்கோழி இரவல்

வெள்ளைக்குதிரை தாமரையோட வலது வெலாவுல இருந்த பாடைச்சுழி எறங்கி வெளிய போன அன்னிக்கு செவ்வாக்கெழமை. தெய்வாத்தா விடியக்காலம் எந்திரிச்சு, கட்டுத்தரையில கெடந்த லத்தியை அள்ளிக் குப்பையில கொட்டி, வேக வெச்ச கொள்ளை ரெண்டு குதிரைக்கும் பங்கு வெச்சு, கொடாப்பு நாலையும் தூக்கி முப்பத்திரண்டு கோழியையும் மேய விட்டுட்டு, பிரஷை எடுத்துக்கிட்டு வந்து பொட்டக்குதிரையைத் தேய்க்க நின்னப்பத்தான் பாத்தா, சுழி இருந்த எடம் இப்பத்தான் சவரம் பண்ணின கன்னமாட்டம் மொழுமொழுன்னு இருந்துச்சு. ரெண்டு தரம் கைய வெச்சுத் தடவுனா. மேயத்தான போயிருக்கும், பொழுதோட வந்துரும்னு நெனச்சுக்கிட்டு அந்தப் பக்கத்து வெலாவைத் தேய்க்கப் போயிட்டா.

அந்தியூர்ப் பக்கம் குதிரை வாங்கறவிய பல்லை அப்பறந்தான் பாப்பாங்க, மொதல்ல பாக்கறது சுழி. முடி எந்த எடத்துல எப்படிச் சுழிச்சு நிக்குதுங்கறதை வெச்சு, இது ஆளைத் தூக்கி விடுமா கவுத்து விடுமான்னு சொல்லிருவாங்க. அதுல பாடைச்சுழிங்கறது ரெண்டு மூங்கிலை நீட்டிப் போட்டு நடுவுல குறுக்குக்குச்சி கட்டுன மாதிரி முடி படிஞ்சிருக்கறது; அது இருக்கற உருப்படி எந்த வாசல்ல நிக்குதோ அந்த வாசல்ல ஒரு சாவு விழும். ஆடி மாசச் சந்தையில சுழி பாக்கற அங்கண்ணன், தாமரையோட வெலாவுல கைய வெச்சவரு, சூட்டுச்சட்டியைத் தொட்ட மாதிரி வெடுக்குன்னு இழுத்துக்கிட்டாரு. பக்கத்துல நின்ன தெய்வாத்தா புருசன் நஞ்சப்பன் அதே வெடுக்கை, அதே மொகத்தை, அங்கண்ணன் பல்லுச்சந்துல காத்து இழுக்கற அதே சத்தத்தை, ஒரு மயிரு பிசகாம அவரு மூஞ்சிக்கு நேராவே செஞ்சு காட்டுனாரு. சந்தையே சிரிச்சுது. அத்தனை பேரு சிரிச்சதுக்கப்பறம் வேண்டாம்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, அவரு அந்தக் குதிரையையே புடிச்சுட்டு வந்துட்டாரு.

கல்யாண ஊர்வலத்துக்கு வெள்ளைக்குதிரைதான கேக்கறாங்க. ஜரிகை வெச்ச செவப்புத் துணியை மேல போட்டா சுழி எங்க தெரியப் போகுது. மூணு வருசத்துல நாப்பத்திரண்டு மாப்பிள்ளைங்க மாலையும் கூலிங்கிளாசுமா அந்தப் பாடை மேல உக்காந்துதான் மண்டபத்துக்குப் போனாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை, கல்யாணம் ஆனதைத் தவிர.

நாலாவது வருசம் நஞ்சப்பன் சோளக்காட்டுக்குள்ள விழுந்தாரு. வலது பக்கம் போயிருச்சு, பேச்சும் போயிருச்சு. ஊருல அத்தனை பேரு கொரலும் அவரு தொண்டையில குடியிருந்துச்சு: பஞ்சாயத்துத் தலைவரு மைக்குப் புடிச்சா செருமுறது, கண்டக்டரு சில்லறை இல்லைன்னு கத்தறது, அடுத்த காட்டுச் சாமியாத்தா மருமகளைத் திட்டும்போது நடுவுல மூச்சு வாங்கறது, எல்லாம். வராதது ஒரே ஒரு கொரலுதான். "உன்ற கொரலு மட்டும் எனக்குக் கெடைக்க மாட்டீங்குது அம்மிணி, புடிக்கறதுக்குக் கைப்புடியே இல்ல," அப்படீம்பாரு தெய்வாத்தாகிட்ட. விழுந்ததுக்கப்பறம் மனுசக் கொரலு மொத்தமும் காலி பண்ணிட்டுப் போயிருச்சு. குதிரையும் கோழியும் மட்டும் போகலை. தண்ணி வேணும்னா குதிரையாட்டம் அடிமூக்குல மெதுவாக் கனைப்பாரு. படுக்கை நனைஞ்சிருச்சுன்னா முட்டை விட்ட கோழியாட்டம் கேவுவாரு, அதுலயும் கடைசியில ஒரு இழுப்பு இழுப்பாரு, வெக்கப்பட்ட மாதிரி. கோவம் வந்தா சேவல். ஒரு நாளைக்கு நாப்பது தரம் தெய்வாத்தா காட்டுக்கும் வூட்டுக்கும் ஓடுவா. ஒவ்வொரு தரம் வாசல் தாண்டும்போதும் திரும்பி, "இருங்க மாமா, தா வந்தர்றன்," அப்படீன்னு சொல்லி, எச்சியை ஒரு முழுங்கு முழுங்கிட்டுப் போவா. பொழுதோட அவரு கட்டில்ல இருந்து கனைப்பாரு, தாமரை கட்டுத்தரையில இருந்து பதில் கனைக்கும், கெழட்டுக்குதிரை மைனரு எடையில பூந்து எதையோ சொல்லும், அந்த மூணு பேரு பேச்சைக் கேட்டுக்கிட்டு அவ கொள்ளைக் களைஞ்சு ஊற வெப்பா. அன்னாடம் அவ சிரிக்கறது அந்த ஒரு நேரந்தான்.

செவ்வாக்கெழமை எறங்குன சுழி போனது புள்ளிக்கோழி மேல. குதிரை முதுகுல உண்ணி பொறுக்க ஏறுன கோழி எறங்கும்போது நெஞ்சுல ரெண்டு கோடும் குறுக்குக்குச்சியுமா எறங்கிருக்குது. அது மேஞ்சுக்கிட்டே வேலி தாண்டி, சாமியாத்தா வூட்டுக்குள்ள போயி, தொண்டையில கட்டி வந்து ஆறு மாசமா எச்சி முழுங்க முடியாமக் கெடந்த அவ மாமனாரு கட்டிலுக்கடியில ஒரு முட்டை விட்டுட்டுக் கேவுச்சு. முட்டை ஆறறதுக்குள்ள அவரு ஆறிட்டாரு. பொழுதோட தெய்வாத்தா கோழிகளைக் கொடாப்புல கவுத்துட்டு வந்து பாத்தா, சுழி வந்து தாமரை வெலாவுல பழைய எடத்துல படுத்திருந்துச்சு. கொஞ்சம் கறுத்திருந்த மாதிரி தெரிஞ்சுது.

கோழி நெஞ்சுல கண்டதைச் சாமியாத்தா வெளிய சொல்லப்போயி, அடுத்த வாரமே ஊரு கூடுச்சு. குதிரையை ஓட்டி விட்டரணும்னு பாதிப்பேரு, ஓட்டி விட்டா எந்த வாசல்ல போயி நிக்கும், உன்ற வாசல்லயான்னு மீதிப்பேரு. தலைவரு செருமிட்டு, மொதல்ல டாக்டரைக் கூப்புடுவோம்னாரு. கால்நடை டாக்டரு வந்து, இது ஒரு வகைத் தோல் வியாதின்னு சீட்டுல எழுதி, மஞ்சக் களிம்பு ஒண்ணு குடுத்துட்டுப் போனாரு. தெய்வாத்தா தடவுனா. சுழி அந்த நாத்தம் தாங்காம நாலு வெரக்கடை தள்ளிப் போயி உக்காந்துக்கிச்சு, களிம்பு காஞ்சதும் திரும்பி வந்துருச்சு. பைப்புல தண்ணிக்கு நிக்கற பொம்பளைங்க ஒருத்தி முதுகை ஒருத்தி ஜாக்கெட்டை எறக்கிப் பாத்துக்கிட்டாங்க. சலூன்ல கூட்டம் தாங்கலை, தலையை மொட்டையடிச்சுக் கண்ணாடியில சுத்திச்சுத்திப் பாத்தாங்க. சுழி ஆளுங்க மேல ஏறவே இல்லை. அதுக்குக் கோழிதான் புடிச்சிருந்துச்சு. இது தெரிஞ்சதும் ஊருக்கு ஒரு நிம்மதி. கோழியைக் கண்ணுல வெச்சுக்கிட்டாப் போதும்னு ஆயிருச்சு. கல்யாணத்துக்கு மட்டும் யாரும் தாமரையைக் கூப்புடலை.

சாமியாத்தாதான் மொதல்ல மொறத்துல கொள்ளு கொண்டாந்தா. ஏதுக்கக்கா இதுன்னு கேட்டதுக்கு, குதிரைக்குத்தான்னா. மொறத்தைக் கவுத்துத் தட்டிக்கிட்டே, என்ற மாமனாரு மொகத்தை நீ பாக்கலையே, அப்படித் தூங்கறவரு மாதிரி இருந்துச்சு அம்மிணின்னா. அவ்வளவுதான் சொன்னா. ஆனா அந்தப் பேச்சு ஊருக்குள்ள மேயப் போயிருச்சு.

அப்பறம் வந்தவிய யாரும் சாவுங்கற பேச்சையே எடுக்கலை. காட்டுப்பக்கம் சேவலும் பொட்டையும் வெச்சிருக்கற வூட்டுல, அடைக்கு உக்கார்ற கோழி இல்லைன்னா அடுத்த வூட்டுல இரவல் வாங்கிட்டு வந்து முட்டை வெக்கறது பழக்கந்தான. அந்தப் பேரைச் சொல்லியே வந்தாங்க. ஏனுங்க, அடைக்கோழி ஒண்ணு இரவலாக் கெடைக்குங்களாம்பாங்க. எந்தக் கோழின்னு அவளும் கேக்க மாட்டா, அவியளும் சொல்ல மாட்டாங்க. வூட்டுல மூணு வருசமா நாலு வருசமா ஒருத்தரு கெடையில கெடப்பாங்க. புள்ளிக்கோழி தாமரை முதுகுல ஏறி எறங்கற வரைக்கும் இருந்து, அதைத் துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போவாங்க, உச்சிப்பொழுது சாயறதுக்குள்ள கோழியும் முட்டையும் ஒரு படிக் கொள்ளுமாத் திரும்பி வரும். அந்த முட்டையை யாரும் திங்க மாட்டாங்க. முடி மினுங்கறதுக்குக் குதிரைக்குப் பச்சை முட்டை குடுக்கறது வழக்கம், அதனால அவ தாமரை வாயில ஒடைச்சு ஊத்திருவா. தாமரை மினுங்குச்சு. பாக்கறவிய கண்ணைச் சுருக்கற மாதிரி மினுங்குச்சு. சுழியும் மையிட்ட மாதிரி கறுத்துக்கிட்டே வந்துச்சு.

வெள்ளியங்கிரி விசயத்துலதான் கணக்கு பிசகுச்சு. லாரி ஓட்டறவன், முப்பத்தாறு வயசு, அவங்கம்மா பழனாத்தா இடுப்பு ஒடைஞ்சு ரெண்டு வருசமாக் கெடையில கெடந்தா. கோழியை வாங்கிட்டுப் போனவன், அம்மா தனியாப் போகக் கூடாதுன்னு கட்டில் பக்கத்துல உக்காந்து கையைப் புடிச்சுக்கிட்டான். கோழி முட்டை விட்டுச்சு, கேவுச்சு. பழனாத்தா, என்னடா சாமி கை சில்லுன்னு இருக்குதுன்னு கேட்டிருக்கா. பையன் தலை கட்டில் சட்டத்துல சாஞ்சு கெடந்துச்சு. அவ இன்னைக்கும் இருக்கறா, ரெண்டு வேளையும் சாப்புடறா, பையன் லோடு ஏத்திக்கிட்டுப் போயிருக்கான்னு யாராவது அன்னாடம் சொல்லணும்.

அன்னைக்குத்தான் ஊருக்குத் தெரிஞ்சுது. சுழி கேக்கறது ஒரு உசுரு, அந்தக் கூரைக்குக் கீழ இருக்கறதுல எதுன்னு அதுக்குக் கணக்கில்லை. தெய்வாத்தா இனிமே கோழி தர மாட்டேன்னா. எட்டு நாளு தரலை. ஒம்பதாவது நாளு தலைவரு உட்பட நாலு பேரு வந்து, கோழி மேல தப்பில்லையே, உள்ள உக்காந்தது அந்தப் பையன் தப்புன்னு சொல்லி, ஒரு மொறை போட்டாங்க. கோழி உள்ள போகறதுக்கு முன்ன வூட்டு ஆளுங்க எல்லாரும் வெளிய வந்தரணும், கைக்கொழந்தை மொதக்கொண்டு. படுத்திருக்கறவரு மட்டும் உள்ள. கேவற சத்தம் கேட்டு, முட்டை ஆறற நேரம் கழிச்சுத்தான் கதவைத் தெறக்கணும். இத்தனை ஒழுங்காப் பேசுனவங்களை அவளால மறுக்க முடியலை. கட்டுத்தரையில ரெண்டு வாயி வேற கொள்ளுக்குத் தெறந்துக்கிட்டு நின்னுச்சு. குடுத்தா. தை மாசத்துக்குள்ள ஒம்பது வூடு. ஒவ்வொரு வூட்டுக்கு முன்னாலயும் சனங்க கதவைப் பாத்தபடி ரோட்டுல உக்காந்து கோழிச்சத்தத்துக்குக் காத்துக்கிட்டிருந்ததை அவ பாத்தா. பஸ்சுக்குக் காத்திருக்கறவிய மாதிரிதான் இருந்தாங்க. ஒருத்தரு பல்லு குத்திக்கிட்டிருந்தாரு.

தன்ற வூட்டுக்குள்ள மட்டும் அவ ஒரு கோழியை விடலை. வாசல்ல முழங்கால் ஒசரத்துக்குப் பலகை வெச்சு அடைச்சா, நஞ்சப்பன் தலைமாட்டு ஜன்னலுக்கு மீன்வலையை நாலு மூலையும் முடிச்சுப் போட்டுக் கட்டுனா, பொழுதோட முப்பத்திரண்டையும் எண்ணி, சுழி வந்துருச்சான்னு தாமரை வெலாவைத் தடவிப் பாத்துட்டுத்தான் சோறு திம்பா. சாமியாத்தா வேலியோரம் நின்னு ஒரு நாளு கேட்டே புட்டா.

"ஊருக்கெல்லாம் குடுக்கறயே அம்மிணி, உன்ற வூட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை கஞ்சத்தனம்?"

"அவிய கெடையில கெடக்கலக்கா," தெய்வாத்தா சொன்னா. "படுத்திருக்காரு."

ஜன்னலுக்கு உள்ள நஞ்சப்பன் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. அவருக்குக் காது ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. ஒம்பது வூட்டுக்காரங்க வந்து கேட்டதையும், கொள்ளு அளந்து கொட்டுனதையும், பலகை ஏறி எறங்கும்போது பொண்டாட்டி முழங்கால் சொடக்குப் போடறதையும் அவரு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. முதுகுப்புண்ணு எலும்பு வரைக்கும் போயிருச்சு. அவ மஞ்சளும் வேப்பெண்ணையும் வெக்கும்போது மைனரு கடிவாளத்துக்கு மொகத்தைத் திருப்பற மாதிரியே திருப்பிக்குவாரு. கஞ்சிக்கும் திருப்ப ஆரம்பிச்சாரு. மாசி பொறந்ததும் புதுசா ஒரு சத்தம் பண்ணப் பழகுனாரு: சேவல் ஒரு நல்ல தானியத்தைக் கண்டா அதைத் திங்காம, பொட்டைகளைக் கூப்புடறதுக்கு அடித்தொண்டையில ஒரு குக்குக்குக்கும் பாருங்க, அது. மொத நாளு சரியா வரலை, தெய்வாத்தா சிரிச்சுட்டா. மூணாவது நாளு சுவத்துக்கு வெளிய பதினஞ்சு கோழி வந்து நின்னு சுண்ணாம்பைக் கொத்திக்கிட்டிருந்துச்சு.

அவ சிரிப்பு நின்னு போச்சு. கோழிகளை வெரட்டிட்டு உள்ள வந்து கட்டில்ல உக்காந்தா.

"வேண்டாங்க மாமா."

அவரு, கோழி பாக்கற மாதிரி, தலையைச் சாச்சு நல்ல கண்ணால அவளை ஒரு பார்வை பாத்தாரு. நல்ல கையான இடது கை போர்வைக்குள்ள இருந்துச்சு. அந்தக் கை பத்து நாளா, அவ வெளிய போற ஒவ்வொரு தரமும், வலை முடிச்சை நகத்தால நெருடிக்கிட்டிருந்தது அவளுக்குத் தெரியாது. பலகை மேல இன்னொரு பலகை வெச்சு அடிச்சுட்டு, அதோட சரியாப் போச்சுன்னு அவ நெனச்சா.

வெள்ளிக்கெழமைதான் குதிரை கழுவற நாளு. உச்சி சாயறதுக்கு முன்ன ரெண்டையும் புடிச்சுக்கிட்டு, "இருங்க மாமா, தா வந்தர்றன்," அப்படீன்னு சொல்லி முழுங்கிட்டு, மோட்டார் ரூமுக்குப் போனா. வாய்க்கால்ல தண்ணி வந்துச்சு. மைனரைக் கழுவிக் கட்டிட்டுத் தாமரை மேல ஒரு வாளி ஊத்துனா. வலது வெலாவுல தண்ணி எங்கயும் நிக்காம, கண்ணாடியில வழியற மாதிரி வழிஞ்சு எறங்குச்சு. அன்னைக்கு யாரும் அடைக்கோழி கேட்டு வரலை. அவ வாளியைக் கீழ வெச்சுட்டுக் காட்டைப் பாத்து எண்ணுனா. முப்பத்தொண்ணு. மறுபடி எண்ணுனா. மூணாவது தரம் எண்ண வேண்டி வரலை, வூட்டுக்குள்ள இருந்து கேவற சத்தம் வந்துச்சு.

அவரு கேவலோட கடைசி இழுப்பு அவளுக்கு மனப்பாடம். அந்த இழுப்பு வருதான்னு நின்னு கேட்டா. வரலை. இது கோழி.

ஓடுனா. ஈரச்சேலை காலைச் சுத்த, முள்ளுல, வரப்புல, லத்திக்குப்பை மேல ஓடுனா. ஓடும்போதே அவளுக்குள்ள கணக்கு ஓடுச்சு: முட்டை இன்னும் ஆறிருக்காது, கூரைக்குக் கீழ இப்ப ஒருத்தருதான் இருக்கறாரு, நானும் போயிட்டா ரெண்டு பேரு, ரெண்டு பேருல யாரை வேணும்னாலும் எடுக்கும். என்னை எடுக்கட்டும். என்னை எடுத்தா அவரை யாரு பெரட்டிப் போடறது. அவரை எடுத்தா நான் யாருக்கு வேக வெக்கறது. ஜன்னல் வலை ஒரு மூலையில அவுந்து தொங்கிக்கிட்டிருந்துச்சு. ரெண்டு பலகையையும் ஒதைச்சுத் தள்ளிட்டு, ஒரு காலைத் தூக்கி வாசப்படிக்கு மேல வெக்கப் போனா.

அப்ப உள்ள இருந்து அவ கொரலு கேட்டுச்சு.

"இருங்க மாமா, தா வந்தர்றன்."

அச்சு அசலா அவ கொரலு. மாமாங்கறதுல அந்தக் கொஞ்சூண்டு எறக்கம், வந்தர்றன்ல அந்த அவசரம். சொல்லி முடிச்சு, எச்சியை ஒரு முழுங்கு முழுங்குன சத்தமும் கேட்டுச்சு. அத்தனை வருசமாத் தேடி கைப்புடி கெடைக்காத கொரலு, சரியான நேரத்துக்குக் கெடைச்சிருந்துச்சு. தூக்குன கால் தூக்குனபடியே நின்னுச்சு. வெளிய போறவிய இருன்னு சொன்னா இருக்கறவிய இருக்கத்தான வேணும். அவரு விழுந்த இந்த நாலு வருசமா அவ அப்படித்தான் அவரை இருக்க வெச்சா. அவளும் இருந்தா.

கொஞ்ச நேரம் கழிச்சுப் புள்ளிக்கோழி கதவோரமா நடந்து வந்து, படியில நின்னு றெக்கையை ஒரு ஒதறு ஒதறிட்டு, எறங்கி மேயப் போச்சு. அது நெஞ்சுல ஒண்ணுமில்லை. தெய்வாத்தா உள்ள போனா. அவரு மொகம் ஒரு பக்கமாச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு, அந்தச் சிரிப்பு விழுந்த நாள்ல இருந்தே இருக்கறதுதான், அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. முட்டை கட்டில்ல, அவரு நல்ல கைக்குள்ள இருந்துச்சு. அவ எடுக்கும்போது ரெண்டும் ஒரே சூட்டுல இருந்துச்சு. முட்டை ஆறற வரைக்கும் கையில வெச்சுக்கிட்டு நின்னா.

சனங்க வந்தாங்க. சாமியாத்தா வாயை முந்தானையால பொத்திக்கிட்டு, நீ ஏன் அம்மிணி மொறையை மீறி உள்ள போனே, உனக்கு ஏதாவது ஆயிருந்தா என்ன ஆகறதுன்னா. உள்ள நீ பேசறது வேலி வரைக்கும் கேட்டுதே, கடைசி வரைக்கும் கூடவே இருந்திருக்கறே, கெட்டிக்காரி, சுழியே பாவம் பாத்துட்டுதுன்னு எல்லாருக்கும் சொன்னா. தெய்வாத்தா இல்லக்கான்னு சொல்ல வாயைத் தொறந்தா. சத்தம் வரலை. மறுபடி தொறந்தா. காத்து வந்துச்சு. அழுது தொண்டை கட்டிருக்கும், பொழுதோட வந்துரும்னு யாரோ சொன்னாங்க.

வரலை. அவரு இரவல் வாங்குனதைத் திருப்பிக் குடுக்கலை. முட்டையை மட்டும் அவ தாமரைக்கு ஊத்தாம, அவரு இடது கைக்குள்ளயே வெச்சு அனுப்பிட்டா. சுழியும் அதுக்கப்பறம் தாமரை வெலாவுக்கு வரலை, எந்தக் கோழி மேலயும் வரலை. ஒரு மாசம் வரைக்கும் ஆளுங்க அடைக்கோழி கேட்டு மொறத்தோட வந்து நின்னாங்க. அவ கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி மொழுமொழுன்னு இருக்கற வெலாவைத் தடவிப் பாக்க வெச்சா. தடவிப் பாத்துட்டு, கொள்ளைத் திருப்பி எடுத்துக்கிட்டு, கெடையில கெடக்கறவங்க வூட்டுக்குத் திரும்பிப் போனாங்க. செல பேரு வாசல்ல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போனாங்க.

பதினாறாம் நாளு காரியம் முடிஞ்சு ஒறம்பரையெல்லாம் கெளம்புன அன்னைக்குப் பொழுதோட, கொள்ளு அடுப்புல வெந்துக்கிட்டிருந்துச்சு. கட்டுத்தரையில தாமரை தண்ணித்தொட்டியைக் காலால தட்டுச்சு. தெய்வாத்தா வாளியைக் கையில எடுத்துக்கிட்டு, பழக்கத்துல திரும்பி, இருங்க, தா வந்தர்றன்னு சொல்லப் போனா. கட்டில் கயிறு தளந்து காலியாக் கெடந்துச்சு. அடிமூக்குல இருந்து மெதுவா ஒரு கனைப்பு வந்துச்சு, அவகிட்ட இருந்துதான்.

தாமரை காதை நிமித்துச்சு. ஜன்னல் பக்கமாத் தலையைத் திருப்பி, பதில் கனைச்சுது. மைனரு எடையில பூந்து எதையோ சொன்னான்.